என் குதிகாலும் உன் கல்யாண மேடையும்

பிரபு, நீ என் காலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

உடனே மறுக்காதே. ஆஸ்பத்திரிக்கு வந்தாய், எனக்குத் தெரியும். லீவு போட்டு பெங்களூரிலிருந்து வந்தாய், வராண்டா பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாய். என் குதிகால் எலும்பின் எக்ஸ்ரேயைப் போனில் ஏற்றி, விரலால் இழுத்துப் பெரிதாக்கி, உன் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பிக் கருத்துக் கேட்டாய். ஸ்கேனில் அந்த எலும்பு பொம்மை மாதிரிச் சுழன்று வந்ததை எனக்கே நீதான் காட்டினாய். எங்கே விரிந்திருக்கிறது, எங்கே அமுங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் நீ கேட்ட கேள்விகளில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் நர்ஸ் கட்டைப் பிரிக்க வந்தபோதெல்லாம் உனக்கு ஒரு போன் வந்தது. "இதோ வந்துர்றேம்மா" என்று எழுந்து போனாய். திரும்பி வந்தபோது என் கால் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. நீ பார்த்தது என் எலும்பை. காலை இல்லை.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ கட்டைவிரல் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். சர்க்கரை உள்ள அம்மாக்களும் போன் வந்துவிடுகிற மகன்களும் நம் வீட்டில் மட்டும் இல்லை.

ஆவணியில் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை நான் மறக்கவில்லை. மண்டபம், சாப்பாடு, பூ அலங்காரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, போனை வைக்கப்போகிறவன் மாதிரி ஆரம்பித்தாய்.

"அம்மா, மேடையில பாத பூஜைக்கு மட்டும் பெரியம்மாவும் பெரியப்பாவும் உக்காரட்டுமே. உனக்கு எதுக்குக் கஷ்டம்? நீயும் அப்பாவும் கீழ மொத வரிசையில நல்லா சாஞ்சு உக்காந்து பாருங்க."

"எனக்கு என்னடா கஷ்டம்? நாற்காலியில உக்காரப்போறேன், காலை நீட்டப்போறேன். அம்புட்டுத்தானே."

"இல்லம்மா, வீடியோக்காரங்க குளோசப்ல எடுப்பாங்க. பெரிய திரையில போடுவாங்க. நித்யா வீட்டு ஆளுக எல்லாம் பாப்பாங்க. காலு கொஞ்சம்..."

அங்கே நிறுத்திவிட்டாய். கொஞ்சம் என்ன என்று நானும் கேட்கவில்லை. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். நீ பார்த்திராத ஒரு காலைப் பற்றி, அது எப்படி இருக்கும் என்று நீயாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாய். அந்தக் கால் எப்படி உடைந்தது, எப்படிப் பிழைத்தது என்பதை முதலில் இருந்து சொல்கிறேன். நீ அவசரமாகக் கேட்டதெல்லாம் சுருக்கம்தான்.

போன வருஷம் அன்றைக்குக் காலையில் வண்டியூரிலிருந்து வழக்கமான டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு அந்த பஸ்ஸில் எங்களுக்கு என்ன மரியாதை என்பது உனக்குத் தெரியாது, நீ வந்தால் கார் பிடிக்கிறாய். நிறுத்தத்தில் பெண்கள் கூட்டமாக நின்றால் சில டிரைவர்கள் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள், ஓடி வந்து ஏறட்டும் என்று. இறங்கும்போதும் அதே கதைதான். ஆரப்பாளையத்தில் நான் படியில் நிற்கும்போதே பஸ் நகர்ந்தது.

"தம்பி, நிப்பாட்டுப்பா, எறங்கணும்ல" என்றேன்.

"ஓசியில வர்றீக, எறங்குறதுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்? எறங்குங்கம்மா" என்றான் கண்டக்டர். பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் குதித்தேன் என்று நினைக்கிறேன். இன்னொரு தடவை கெஞ்சக் கூடாது என்று வீம்பு வந்துவிட்டது. உயரமான படி, ஓடுகிற பஸ், கீழே பெயர்ந்துபோன தார். கீழே விழவில்லை. நேராகக் காலில்தான் இறங்கினேன், வலது குதிகாலில் மொத்த உடம்பும் இறங்கியது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் "யக்கா, விழுந்துட்டீகளா?" என்று கேட்டாள். "விழல, குதிச்சேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தேன். உடைந்த எலும்போடு பள்ளிக்கூடம்வரை நடந்தேன். மாடிப்படி ஏறி அலுவலகத்தில் உட்கார்ந்தேன். அட்மிஷன் நேரம் என்பதால் ஹெட்மாஸ்டர் அறைக்கும் என் மேசைக்கும் சாயங்காலம்வரை அலைந்தேன்.

வலிக்கவில்லை, பிரபு. லேசாக ஒரு கனம் இருந்தது, அவ்வளவுதான். எந்த மனுஷிக்கும் உயிர் போகிற வலி அது என்று பிறகு டாக்டர் சொன்னார். நீ பத்தாவது படித்த காலத்தில் எனக்குச் சர்க்கரை வந்தது, இத்தனை வருஷம் ஓடிவிட்டது. அது காலில் உள்ள நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் செருப்பில்லாமல் வடகம் காயப்போட்டபோது, "உங்களுக்குச் சுடலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். "எங்காலு இரும்பு" என்பேன். ஒருநாள் தரையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்து யாருக்கு அடிபட்டது என்று தேடினேன். என் உள்ளங்காலில்தான் ஊக்கு ஏறியிருந்தது. அதைக்கூடப் பள்ளிக்கூடத்தில் வேடிக்கையாகத்தான் சொன்னேன். வலி தெரியாத உடம்பை நம் ஆட்கள் நோய் என்று நினைப்பதில்லை, வரம் என்று நினைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் முள்ளையும் கல்லையும் மிதித்த கூட்டம், வலிக்காத கால் கிடைத்தால் வேறு என்ன நினைக்கும்?

சாயங்காலம் செருப்பு காலுக்குள் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா பார்த்தார்.

"ஏ புள்ள, என்ன இது, காலு பன்னு மாதிரி உப்பியிருக்கு?"

"பஸ்ல எறங்குனேன்."

"வலிக்குதா?"

"வலிக்கல."

"அப்பச் சரித்தேன்" என்று டிவியைப் போட்டார்.

மறுநாள் உன் பெரியம்மா வந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் இருக்கிறார், அறுக்காமல் சேர்த்துவிடுவார் என்று பிடிவாதம் பிடித்து அழைத்துப் போனாள். முட்டை வெள்ளைக் கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்து, துணியை இறுக்கிக் கட்டினார். "இறுக்கமா இருந்தாச் சொல்லுங்கத்தா" என்று அவர் பாவம் கேட்கத்தான் செய்தார். இறுக்கம் எனக்கு எப்படித் தெரியும்? நாலைந்து நாளில் கட்டிலிருந்து வாடை வந்தது. பிரித்தால் கணுக்காலைச் சுற்றிக் கொப்புளங்கள், சில கறுப்பு நீர் கட்டிப்போய். உன் அப்பா சேரில் உட்கார்ந்துவிட்டார். "அந்த முட்டையத் தின்னிருந்தாலாவது ஒடம்புல ஒட்டியிருக்கும்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். கண்ணாடிக் கதவு போட்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை இணையத்தில் தேடிப் பதிவு செய்தது நீதான். அங்கே டாக்டர் திரையில் படத்தைப் பார்த்தார், குதிகாலின் வெளிப்பக்கம் பெரிதாகத் திறந்து தகடு வைக்கலாம் என்றார். ரத்தப் பரிசோதனை வந்ததும், இவ்வளவு சர்க்கரைக்கு ஆபரேஷனே வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம், "புண்ணாச்சுன்னா எடுத்துடலாம்" என்றார். கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசுகிற மாதிரி. நான் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலிக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஒரு எட்டுத்தான் இருந்தது. அவர் அந்த எட்டை எடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு நீ போனில், "ரெண்டு ஆப்ஷன் இருக்கும்மா, எது பெட்டர்னு பாத்துச் சொல்றேன்" என்றாய். அறுத்தால் ஆறாது, விட்டால் போகும். நீ அதற்கு ஆப்ஷன் என்று பெயர் வைத்தாய்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றது உன் அப்பாதான். அங்கே கூட்டம், வரிசை, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லாத அவஸ்தை எல்லாம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். எங்கள் முறை வந்தபோது உன் வயசுதான் இருக்கும் ஒரு டாக்டரம்மா எழுந்து வந்து தரையில் குந்தி உட்கார்ந்தார். என் காலை எடுத்துத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டார். கொப்புளங்களைப் பார்த்தார், விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார், பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"தொட்டா, தெரியுதுன்னு சொல்லுங்க."

நான் காத்துக்கொண்டிருந்தேன். "இன்னும் நீங்க தொடவே இல்லையே டாக்டர்" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். நைலான் நூல் மாதிரி ஒன்று என் உள்ளங்காலில் வளைந்து நின்றது. உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அந்த டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். குதிகால் எலும்பு வெளியே ஓடு மாதிரி, உள்ளே பஞ்சு மாதிரி. மேலிருந்து பாரம் விழுந்தால் நசுங்கி அகலமாகிவிடும். நசுங்கியதைத் தூக்கி நிறுத்தாவிட்டால் நடை கோணும், கோணிய இடத்தில் உணர்ச்சியில்லாத தோல் உரசும், புண் வரும், அந்தப் புண்ணில்தான் கால் போகும். அதனால் சும்மா விடவும் முடியாது. "ஆனா அந்தப் பக்கத்துத் தோலு ரொம்ப மெல்லிசும்மா, கீழ சதையே கெடையாது. பெருசா வெட்டித் தெறந்தா சுகர் உள்ளவங்களுக்குத் தையல் ஓரம் கறுத்துப்போயிரும், உள்ள இருக்குற தகடு வெளிய தெரியும். அதனால வெட்ட வேணாம். சின்னச் சின்னத் தொளை போட்டு, உள்ள கம்பிய விட்டு எலும்பத் தூக்கி, ஸ்குரூ போட்டு நிறுத்தலாம்."

"ஆறிருமா?" என்றார் உன் அப்பா.

"ஆறாமப் போறதுக்கும் வாய்ப்பு இருக்குங்கய்யா. கம்மி. அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்."

உறுதி தராத அந்தப் பேச்சைத்தான் நான் நம்பினேன். உறுதியாகப் பேசியவர்களை எல்லாம் அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன்.

உடனே செய்யவில்லை. நீ லீவு போட்டு வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தது இந்த ஆஸ்பத்திரியில்தான். வீக்கம் வடிய வேண்டும், கொப்புளம் காய வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தேன், வேளைக்கு வேளை இன்சுலின் போட்டார்கள். தினமும் காலையில் டாக்டரம்மா வந்து பாதத்தை லேசாக மேலே மடக்கித் தோலைப் பார்ப்பார். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தால்தான் ஆபரேஷன். சுருக்கம் விழ வேண்டும் என்று காத்துக் கிடந்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் பாண்டியம்மா இருந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்குகிறவள். ஆணி ஏறியது தெரியாமல் நடந்து, முன்பாதத்தோடு விரல்கள் எல்லாம் போய்விட்டன. "மெட்டி போட வெரலே இல்ல, எம்புருசன் தப்பிச்சுக்கிட்டாரு" என்று சொல்லி வார்டையே சிரிக்க வைப்பாள். ஒருநாள் சிரிக்காமல் ஒன்று சொன்னாள்.

"வாடை வருதுன்னு எம்மகன் கேட்டான்க்கா. காட்டுத்தா, என்னன்னு பாப்போம்னான். நாந்தேன் சேலைய இழுத்து மூடிக்கிட்டேன். ஆம்பளப்பய ஆத்தா கால்ல சீழப் பாக்குறதாக்கும்னு. அன்னைக்கே பாத்திருந்தா வெரலு இருந்திருக்கும்."

அதைக் கேட்டதிலிருந்து உன்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாவது பரீட்சை, பன்னிரண்டாவது பரீட்சை, முதல் இன்டர்வியூ, எல்லாவற்றுக்கும் என் காலில் விழுந்துதான் போனாய். நெற்றி தரையில் பட, கண்ணை மூடிக்கொண்டு விழுவாய். நானும் "நல்லா இருடா" என்று தலையைத் தொட்டுத் தூக்கிவிடுவேன். காலில் விழுகிறவன் காலைப் பார்ப்பதில்லை. நாமும் காட்டுவதில்லை. அம்மாவின் கால் கும்பிடுவதற்கு, புண் பார்ப்பதற்கு அல்ல என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். உன் மேல் மட்டும் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் நீ நடமாடும்போது நானும் சேலைக் கரையை இழுத்துத்தான் விட்டிருக்கிறேன்.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போகும் என்றார்கள். கீழ்ப்பாதிக்கு அது ஏற்கெனவே பழக்கம்தான் என்று சொன்னேன், மயக்க டாக்டர் சிரித்தார். தலையைத் திருப்பினால் ஒரு திரையில் என் எலும்பு தெரிந்தது. சுத்தியல் தட்டுகிற சத்தம், துளை போடுகிற சத்தம், நடுநடுவே "இன்னும் கொஞ்சம் தூக்கு", "ஆங், பிடி" என்ற பேச்சு. தச்சுப்பட்டறையில் படுத்திருப்பது போல இருந்தது. கம்பி ஒன்று நுழைவதும், அமுங்கிக் கிடந்த எலும்பு மெல்ல எழுவதும், ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போவதும் நிழலாகத் தெரிந்தன. வெளியே என் தோலில் விழுந்தது சிறு தையல்கள்தான். ஒன்றுகூடப் பிரியவில்லை, சீழ் வைக்கவில்லை. இப்போது அவை அரிசி அளவுக்குத் தழும்புகளாக இருக்கின்றன. நீ நினைத்து அருவருத்தது எதை என்று எனக்குத் தெரியவில்லை. குதிகால் முன்பைவிடக் கொஞ்சம் அகலம். கொப்புளம் இருந்த இடம் கறுப்பு. பெருவிரல் நகம் தடித்துக் கிடக்கிறது. அவ்வளவுதான் என் கால்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். மாசக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது, மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். "மத்தவங்களுக்கு, ஊன்றாதேன்னு வலி சொல்லும். ஒங்களுக்கு அந்த ஆளு வேலைய விட்டுப் போயிட்டாரும்மா. அதனால வெளியாளு ஒருத்தர் வேணும். எலும்பு சேந்த பொறவும் தெனமும் யாராவது காலத் தூக்கிப் பாக்கணும். உள்ளங்கால், குதிகால், வெரல் இடுக்கு. ஆயுசுக்கும்." என் கால் நான் போட்ட செருப்பாலோ ஒரு சிறு கல்லாலோ இன்றைக்கும் போகலாம். ஸ்குரூ எலும்பைத்தான் பிடித்திருக்கிறது. மிச்சத்தைப் பார்க்கிற கண்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வேலையை உன் அப்பா எடுத்துக்கொண்டார். மில்லில் இருந்தவரை சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மனுஷன். காலையில் வாசல் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போன் டார்ச்சையும் அடித்துப் பார்ப்பார். "லைன் கிளியர்" என்பார், ரயில்வே சிக்னல் மாதிரி. ஆனால் அவர் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, உனக்கும் சொன்னோம். போன மாசம் அவர் லைன் கிளியர் கொடுத்த அன்றே உன் பெரியம்மா வந்தாள். சர்க்கரைக்காரர்களுக்கென்றே மெத்தென்று செய்கிற என் எம்.சி.ஆர். செருப்புக்குள் கிடந்த சரளைக் கல்லை எடுத்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் வழன்று சிவந்திருந்தது. உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நாம் பாக்கலையே, நாம் பாக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருந்து போட்டு ஆறிவிட்டது. அடுத்த தடவையும் ஆறும் என்று எவரும் எழுதித் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், கசப்பாக இருந்தாலும் கேள். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மேலத்தெரு வந்ததும் என் அப்பா, உன் தாத்தா, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தெரு முடிந்ததும் மாட்டிக்கொள்வார். அந்தத் தெருவில் எவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, கேட்கத் தேவை இருக்கவில்லை. எங்கள் கால் எங்கே தெரியலாம், எங்கே தெரியக் கூடாது என்பதை மற்றவர்கள் தீர்மானித்தார்கள். நான் படித்தது, மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர் ஆனது, மதுரையில் வீடு பிடித்தது எல்லாம் அந்தக் கக்கத்திலிருந்து செருப்பை இறக்கத்தான். இப்போது நீ, நல்ல சம்பளக்காரன், நல்ல மனசுக்காரன், என் காலைக் கீழ் வரிசையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாய். நித்யா வீட்டார் கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே நீ கழற்றிவிட்டாய்.

உன் மாமியார் அன்பாகத்தான் பேசுகிறார். "கால்ல என்ன சம்மந்தி, வாக்கர் வச்சிருக்கீங்களாமே?" என்று போன வாரம் கேட்டார். "பஸ்ல எறங்குறப்பச் சுளுக்கிக்கிருச்சு" என்றேன். சர்க்கரை உள்ள வீடு என்று தெரிந்தால் யோசிப்பார்கள் என்று நீ சொல்லி வைத்திருந்தாய், அதற்காகச் சொன்ன பொய். இனி சொல்லமாட்டேன். நித்யாவிடம் நீயே சொல்லிவிடு, பத்திரிகை கொடுக்கும் முன்பே சொல். என் சர்க்கரையை மட்டும் இல்லை, அது உனக்கும் வரலாம் என்பதையும் சொல். நீ இன்னும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வயசுக்கு இது எதற்கு என்பாய். போய்ப் பார். கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் உடம்பை மறைத்துத் தொடங்குகிற குடும்பத்தில், நாளைக்கு அவள் கால் மரத்தாலும் உன்னிடம் சொல்லமாட்டாள். சேலைக் கரையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

பாத பூஜைக்குக் காலைத் தட்டில் வைக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா வைங்க. தண்ணி சூடான்னு பையன் கையில பாத்துக்கணும், ஒங்க கால்ல பாக்கக் கூடாது. முடிஞ்சதும் வெரல் இடுக்குல ஈரம் இல்லாமத் தொடைக்கச் சொல்லுங்க" என்றார். அந்தப் பூஜையில் மற்றதெல்லாம் ஐயர் சொல்லிக் கொடுப்பார். இந்த ரெண்டும் நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும் முன்னால் உன்னிடம் ஒன்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றாய். மறுபடி கேட்டேன். "மீட்டிங் வந்துருச்சும்மா, அப்புறம் பேசுறேன்" என்றாய். அப்புறம் பேசவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், இதற்கு சிக்னல் வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வா. தனியாக வா. காலை நேரமாக வா, வாசலில் அப்போதுதான் வெளிச்சம் நன்றாக விழும். தாம்பாளம் வேண்டாம், பாலும் பூவும் வேண்டாம், விழுந்து கும்பிட வேண்டாம். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார். என் வலது காலை எடுத்து உன் மடியில் வைத்துக்கொள். குதிகாலைத் திருப்பிப் பார், தழும்புகளைத் தொட்டுப் பார், விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார். நீ தொடுவது எனக்குத் தெரியாது. தொட்டேன் என்று நீ சொல்ல வேண்டும். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மேடையில் அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

என்றைக்கு வருகிறாய்?